வியன்னாவில் ஆறு நாள், பேரருவியில் எட்டு வரி

"நடைவழியில் இருக்கும் நீல அலமாரி பூட்டியிருக்கும். அதில் எங்கள் சொந்தப் பொருள்கள் இருக்கின்றன. மற்றபடி இது உங்கள் வீடு."

ஜூன் 18, புதன்கிழமை என்று தேதியிட்ட இந்தக் கடிதம், வியன்னா நகரத்தில் மூன்றாம் மாடி வீடு ஒன்றின் சமையலறை மேசையில் தேன் பாட்டிலுக்கு அடியில் இருந்தது. ஆங்கிலத்தில் கையால் எழுதியது, ஒரு பக்கம். நான் அதை முதலில் படித்தது ஜூன் 20, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை முடிந்ததும் நேரே போய் அந்த நீல அலமாரியின் கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

"வந்து செருப்பக்கூட கழட்டல. அதுக்குள்ள என்ன சோதனை?" என்றாள் என் மனைவி.

நாங்கள் ஐரோப்பா பார்க்கும் வசதி உள்ளவர்கள் அல்லர். நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் சொந்த வீடு ஒன்று உண்டு. அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இணையத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். சாரல் மழையைப் பார்க்க ஆசைப்பட்ட வியன்னாத் தம்பதி எங்கள் வீட்டில் தங்குவார்கள். நாங்கள் அவர்கள் வீட்டில் தங்குவோம். யாரும் யாருக்கும் வாடகை தரவேண்டாம். அவர்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். வீடியோவில் ஒருமுறை முகம் பார்த்துக்கொண்டோம். சிரித்தார்கள். தேவைக்கு அதிகமாகச் சிரித்ததாக எனக்குப் பட்டது. பயணச்சீட்டு எடுத்ததோடு எங்கள் கையிருப்பு கரைந்துவிட்டது. ஆகவே வியன்னாவில் இலவசமாகவோ மலிவாகவோ கிடைப்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து, அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் சகிதம் ஜூன் 19 அன்று திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினோம். அவர்களும் ஏறக்குறைய அதே நேரத்தில் எதிர்த்திசையில் பறந்துகொண்டிருந்தார்கள்.

என் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வருடமாகக் குற்றாலம் பேரருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று ஒவ்வொரு நாளும் எழுதி வருகிறேன். தேதி, பார்த்த நேரம், தண்ணீரின் அளவு, வெள்ளம் மிகுந்து, அருவியை ஒட்டிக் கட்டிய பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததா, குளிக்க அனுமதியா தடையா, குறிப்பு என்று ஆறு பத்திகள். ஒரு நாள் விட்டதில்லை. எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் என் மனைவி ஆட்டோவில் போய்ப் பார்த்து எழுதினாள். ஒருமுறை ஆராய்ச்சிக்கு வேண்டுமென்று ஒருவர் ஒரு நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார். மூன்று வருடம் கழித்துத் திருப்பித் தந்தபோது நடுவில் நான்கு தாள்கள் இல்லை. நல்லவேளையாக அந்த நாள்களை என் டைரியிலிருந்து மீட்டுவிட்டேன். அன்றிலிருந்து நோட்டுகள் பீரோவுக்குள், பூட்டில். வேறு பிரதி கிடையாது.

இப்போது அந்த பீரோ இருக்கும் வீட்டில் இரண்டு அந்நியர்கள். பீரோச் சாவியை மிக்சி ஜாருக்குள் போட்டுவிட்டு வந்திருந்தேன். கதவு இடுக்கில், யாராவது திறந்தால் அறுந்து விழும்படி ஒரு கறுப்பு நூலும் ஒட்டியிருந்தேன். நூல் விஷயம் மனைவிக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய கவலை, நாங்கள் இல்லாத ஜூன் 19 முதல் 26 வரையிலான எட்டு நாள். இந்த முறை எழுத மனைவியும் ஊரில் இல்லை. பேரருவிக்குப் போகும் வழியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஆறு பத்திகளுக்கும் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, தினமும் ஒரு வரி எழுதும்படி கெஞ்சிவிட்டு வந்திருந்தேன். வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருந்தது, விருந்தாளிகளிடம் கொடுப்பதற்காக.

வியன்னாவில் எங்களுக்குச் சாவி கொடுக்க ஆளே இல்லை. வாசலில் ஒரு சிறிய பெட்டி. எண்ணை அழுத்தினால் திறந்து சாவி விழுகிறது. எங்கள் ஊரில் சீசனுக்கு அறை விடுகிறவர்கள் ஆளைப் பார்க்காமல், அடையாள அட்டையை வாங்கிப் படம் எடுக்காமல், "எத்தன பேரு?" என்று இரண்டு முறை கேட்காமல் கதவைத் திறக்கமாட்டார்கள். இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலையே வீட்டிலிருந்த கீறல் விழுந்த தட்டு, கைப்பிடி தேய்ந்த கரண்டி, சுவரில் இருந்த மூன்று ஆணித்துளைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பட்டியல் போட்டேன். நாளைக்கு நாம் உடைத்தோம் என்று சொல்லிவிடக்கூடாதல்லவா? குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக நேரே வருகிற தண்ணீர் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். குற்றாலத்தில் மூலிகைத் தண்ணீர் என்று பாட்டிலில் விற்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"நான் பச்சத் தண்ணிதான் குடிக்கப்போறேன். இவ்வளவு ருசியா இருக்கு, இதப் போயி காய்ச்சுதியளே!" என்று மனைவி மறுநாளே கொதித்த தண்ணீரைக் கைவிட்டாள். தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய்கள் இருந்தன. அவள் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் பாட்டிலை நிரப்பினாள். சனிக்கிழமை மாலை வரை அவளைக் கவனித்துவிட்டு, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் நானும் குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு. கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. விளக்குக் கம்பங்களில் பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டு அவற்றில் செய்தித்தாள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் காசு போடச் சின்னப் பெட்டி. விற்கிறவர் யாரும் இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யார் காசு போடுகிறார்கள், யார் போடாமல் எடுக்கிறார்கள் என்று நாற்பது நிமிடம் பார்த்தேன். ஏழு பேர் எடுத்தார்கள். ஐந்து பேர் பெட்டியில் எதையோ போட்டார்கள். போட்டது என்ன என்று தெரியவில்லை.

"ஊரப் பாக்க வந்தியளா, ஊருக்குக் காவல் இருக்க வந்தியளா?" என்றாள் மனைவி.

திங்கள்கிழமை டிராம் வண்டியில் என் குட்டு உடைந்தது. மூன்று நாளைக்குச் செல்லுபடியாகும் சீட்டு வாங்கியிருந்தோம். முதல் பயணத்தில் ஒருமுறை இயந்திரத்தில் முத்திரை வைத்தால் போதும். ஆனால் நடத்துநர் இல்லாத வண்டியில் சும்மா உட்கார்ந்து போவது எனக்குத் திருட்டுத்தனமாகப் பட்டது. நாளைக்கு யாராவது கேட்டால் ஆதாரம் வேண்டுமே என்று, ஏறிய ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு சீட்டுகளிலும் முத்திரை வைத்துவந்தேன். அன்று சாதாரணச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து ஓர் அட்டையைக் காட்டிச் சீட்டு கேட்டார். சீருடை இல்லை. நான் சீட்டைக் கொடுக்காமல், அட்டையை மறுபடி காட்டச் சொல்லி, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் பொறுமையாகக் காட்டினார். பிறகு என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதல் முத்திரை எது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது முத்திரை. எனக்கே தெரியவில்லை.

குறிப்பேட்டை நீட்டினேன். ஏறிய இடம், இறங்கிய இடம், வண்டி எண், நேரம் எல்லாம் அதில் இருந்தன. தமிழில் எழுதியிருந்தாலும் எண்களை அவரால் படிக்க முடிந்தது. இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "நீங்கள் எங்கள் துறையில் வேலை செய்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்து, சீட்டைத் திருப்பித் தந்தார். இனி முத்திரை வைக்கவேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

இத்தனைக்கும் நடுவே தினமும் மாலையில் அண்ணாச்சிக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே நேரம் மூன்றரை மணி முன்னால். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நான்கு நாளும் அவர் சொன்னது ஒன்றே.

"கவலப்படாதிய அண்ணாச்சி. தண்ணி நல்லா விழுது. கூட்டம் இருக்கு. தடயெல்லாம் ஒண்ணுமில்ல."

"தாள்ல எழுதியாச்சா?"

"எழுதாம? அதெல்லாம் எழுதியாச்சு."

ஒரே சாட்சி நான்கு நாளும் ஒரே வார்த்தையைச் சொன்னால் அவர் பார்த்துச் சொல்லவில்லை, நினைவிலிருந்து சொல்கிறார் என்பது பழைய ஆவணங்களைப் படித்துப் படித்து எனக்கு ஏற்பட்ட எண்ணம். சீசன் நேரத்தில் அவர் அடுப்படியை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டார் என்று நினைத்தேன். எட்டு வரியும் பொய்யாகப் போகிறது என்ற நினைப்பிலேயே அரண்மனைத் தோட்டங்களைப் பார்த்தேன். அவற்றின் அழகைப் பற்றி என் குறிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய். டான்யூப் ஆற்றில் நீண்ட தீவு ஒன்று உண்டு. அங்கே குளிக்கக் காசு இல்லை என்று கடிதத்தில் இருந்தது. மனைவி காலையிலேயே தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். புல்கரை, தண்ணீருக்குள் இறங்கும் படிகள், அமைதியான பச்சைத் தண்ணீர். கரையில் படுத்திருந்தவர்களின் உடைகளைப் பற்றி என் குறிப்பேட்டில் எதுவும் இல்லை.

நான் படியில் நின்றேன். கயிறு கட்டவில்லை. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று தடுப்பு இல்லை. போலீஸ் இல்லை. பேரருவியில் போலீஸ்காரர் விசில் ஊதினால் உள்ளே போகவேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வரவேண்டும். அந்த விசிலுக்குப் பழகிய உடம்பு இது. நாயோடு நின்ற ஒரு வயதானவரிடம், "இங்கே இன்று குளிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது உங்கள் விருப்பம்" என்றார்.

இப்படி ஒரு பதிலை நம்பி எப்படி இறங்குவது? மனைவியிடம் சொல்லத் திரும்பினேன். அவள் சேலையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள்.

"விசில் ஊத ஆளு இல்லன்னா அங்கனயே நின்னுருவிய போல. வாங்க. நான் வேணா ஊதட்டுமா?" என்று இரண்டு விரலை வாயில் வைத்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது முப்பத்துநான்கு வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. படுத்திருந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். நான் இறங்கினேன்.

கைக்கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக் கரையில் வைத்திருந்தேன். ஆகையால் எத்தனை மணி வரை குளித்தோம் என்று தெரியவில்லை. பசித்தபோது ஏறினோம், புளிச்சோறு தின்றோம், மறுபடி இறங்கினோம். சட்டையை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று திரும்பிப் பார்க்கவும் மறந்துபோனேன். அன்று அண்ணாச்சிக்குப் பேசவில்லை. அன்றைய குறிப்பு முழுவதும் இவ்வளவுதான்: "ஆற்றில் குளித்தோம்."

புதன்கிழமை காலை ஆறரைக்கு அவசரமாக அழைத்தேன்.

"நேத்து ஏன் கூப்பிடல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?" என்றார் அண்ணாச்சி. தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நல்லா விழுது. ஒங்க வீட்டு வெள்ளக்காரம்மா தெனமும் இங்கன வந்து நிக்காவ பாத்துக்கிடுங்க. கையில பேனாவும் பேப்பரும். தண்ணியப் பாக்காவ, வாட்சப் பாக்காவ, எழுதுதாவ. அச்சு அசலா ஒங்கள மாதிரியே. சரி, யாவாரத்தப் பாக்கணும், வைக்கேன்."

என் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. என்னைப் போலவே எழுதுகிறார் என்றால், நான் எப்படி எழுதுவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நோட்டுகளைப் பார்த்திருக்கவேண்டும். நோட்டுகள் பீரோவுக்குள். ஆகவே பீரோவைத் திறந்துவிட்டார்கள்.

சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் ஒரு சிறிய பித்தளைச் சாவி தொங்குவதை முதல் நாளே பட்டியலில் எழுதியிருந்தேன். அதை எடுத்தேன். நீல அலமாரிக்கு முன்னால் நின்றேன். ஜூன் 25, காலை ஏழு மணி பத்து நிமிடம். சாவியை நுழைத்துத் திருப்பினேன். சேரவில்லை. மறுபடி திருப்பினேன்.

பின்னால் மனைவி நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அவிய நம்ம பீரோவத் தொறந்தாவளா இல்லியான்னு நமக்குத் தெரியாது. நீங்க இவிய அலமாரியத் தொறக்கப் பாத்தத நான் கண்ணால பாத்தாச்சு. இத நோட்டுல எழுதுவியளா, மாட்டியளா?"

எழுதினேன்.

அன்று மாலை ஆப்பெரா அரங்கத்தில் நின்று பார்க்கும் சீட்டு வாங்கினோம். ஒரு பலகாரத்தின் விலைதான். நிற்கும் வரிசைகளில் கம்பி இருக்கிறது. சீட்டு வாங்கியவர்கள் ஆளுக்கொரு கழுத்துத் துணியைக் கம்பியில் கட்டிவிட்டு வெளியே சாப்பிடப் போய்விடுகிறார்கள். துணி இருக்கும் இடம் அவருடையது. மனைவி ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எத்தனை முறை இடம் பிடித்திருக்கிறோம்! என் தோளிலிருந்த துண்டை உருவிக் கம்பியில் முடிச்சுப் போட்டாள்.

"வாங்க, படியில உக்காந்து ரொட்டி திங்கலாம்."

"நம்ம ஊர்ல துண்டத் தூக்கிப் போட்டுட்டு ஒக்காந்துருவான்."

"அப்ப நீங்க துண்டுக்குத் தொணையா நில்லுங்க."

நின்றேன். ஒரு மணி நேரம். ஒருவரும் எந்தத் துணியையும் தொடவில்லை. பாட்டுத் தொடங்கியபோது எனக்குக் கால் வலியும் பசியும். அவள் வயிறு நிறைந்து, கம்பியில் கையூன்றி, புரியாத மொழியில் ஒரு பெண் நின்று பாடுவதைக் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பாட்டைவிட அவளை அதிகம் பார்த்தேன். அவள் கையிலிருந்த ரொட்டித் துண்டை, பார்க்காமலேயே என் பக்கம் நீட்டினாள்.

ஜூன் 27, வெள்ளி காலை தென்காசி வந்து இறங்கினோம். விருந்தாளிகள் முந்தின நாளே கிளம்பிவிட்டார்கள். நேரே பீரோவுக்குப் போனேன். கறுப்பு நூல் ஒட்டினபடி இருந்தது. சாவி மிக்சி ஜாருக்குள் இருந்தது. பீரோவை யாரும் திறக்கவில்லை.

ஆனால் மேசைமேல் ஒரு தாள். நான் கோடு போட்டுக் கொடுத்த அதே தாள். ஜூன் 19 ஒரு வரி அண்ணாச்சியின் கையெழுத்தில்: "நல்லா விழுது." மற்ற ஏழும் மணி மணியான ஆங்கில எழுத்தில், நிமிடக் கணக்கோடு. ஆறு பத்திகளிலும் இடைவெளி இல்லை. அண்ணாச்சியிடம் போனேன்.

"பொறவென்ன அண்ணாச்சி, சீசன் நேரத்துல எனக்கு டீ ஆத்தவே கை பத்தல. அந்தம்மா சாவி வாங்க வந்தப்ப பேப்பரப் பாத்துட்டு என்னதுன்னு கேட்டாவ. கைய கால ஆட்டிச் சொன்னேன். நான் எழுதுதேன்னாவ. ஒங்களுக்கு எழுத ஆளு வேணும், அவியளுக்குப் பொழுது போவணும். இதுல என்ன தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை. நான் தலைகுனிந்து டீ குடித்தேன். குடித்து முடித்துத் தாளை விரித்தபோதுதான் ஜூன் 24 வரி கண்ணில் பட்டது: "மாலை 3.10 முதல் 3.50 வரை குளிக்கத் தடை. எல்லோரையும் வெளியேற்றினார்கள்."

"அன்னைக்குத் தடயே கெடையாது" என்றார் அண்ணாச்சி அழுத்தமாக. "கூட்டம் ஏறிப்போச்சுன்னு போலீஸ் விசில் ஊதி ஆளு மாத்தியிருப்பாவ. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? விசில் ஊதுனா தடன்னு நெனச்சிட்டாவ."

அவர் அந்த நேரத்தில் அருவிக்கரையில் இருந்தாரா என்று கேட்டேன். கடையில் இருந்தாராம். வழக்கமாக நான் தினமும் பேசிக் கேட்டிருப்பேன். அந்த ஒரு நாள் கேட்கவில்லை. காவலுக்கு நின்றவர்களிடம் விசாரித்தேன். அந்த வாரம் வெளியூரிலிருந்து வந்தவர்கள் பணியில் இருந்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள் என்றார்கள்.

வியன்னாவுக்கு நன்றி எழுதி, கூடவே இதையும் கேட்டேன். ஜூலை 2 தேதியிட்ட பதில் வந்தது. "விசில் சத்தம் கேட்டது. பெண்கள் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். மறுபடி உள்ளே விட்டபோது கடிகாரத்தைப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் எனக்குத் தெரியவில்லை." அதற்குக் கீழே இன்னொரு வரி: "காலண்டருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தபால் பெட்டிச் சாவி திரும்பித் தொங்குகிறது. ஏதாவது தேடினீர்களா?"

அதற்கும் பதில் எழுதினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டாள்.

எட்டு வரிகளையும் நோட்டில் படி எடுத்துவிட்டேன். ஏழு வரி பேனாவில். ஜூன் 24 மட்டும் பென்சிலில் இருக்கிறது. அன்று மாலை பேரருவியில் குளிக்கத் தடை இருந்ததா, ஆள் மாற்ற விசில் ஊதினார்களா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.